காணிக்கைப் பானை

மண்பானைக்குள் அரிசி விழுகிற சத்தம் நாளுக்கு நாள் மாறும். அடியில் ஒன்றுமில்லாதபோது சடசடவென்று வாசல்வரைக்கும் கேட்கும். பாதி நிறைந்தால் சரசரப்பாகும். கழுத்துக்கு வந்துவிட்டால் சத்தமே இராது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மதுரையில் எங்கள் வாடகை வீட்டில், நானும் எஸ்தர் அக்காவும் பாயில் படுத்தபடியே அந்தச் சத்தத்தை வைத்துப் பானை எம்மட்டு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

எங்கள் சபையில் "பிடியரிசி" என்று ஒரு வழக்கம் இருந்தது. உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கொண்டுபோய்க் கோவிலில் காணிக்கையாகக் கொட்டுவாள். அம்மா ஒரு பிடி அல்ல, இரண்டு பிடி எடுப்பாள். ஒன்று பைக்கு, இன்னொன்று மூலையில் இருந்த பானைக்கு. அந்த இரண்டாவது பிடி எங்கள் வயிற்றிலிருந்து எடுத்தது. ரேஷனில் கிடைத்ததே புழுத்த அரிசி, அதிலும் கல். அதில் ஒரு பிடி குறைந்தால் யார் தட்டில் குறையும் என்று கேட்கவே வேண்டாம். அக்கா, பசியில்லை என்று சொல்லிவிட்டு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

அவளுக்காகத்தான் அந்தப் பானை. அக்கா எட்டாவது முடித்திருந்தாள். வாத்தியாரம்மா ஆவதற்கான பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். படிப்புக்குக் காசு வேண்டாம், ஆனால் யுத்த காலமாகையால் விடுதியில் சேரும் பெண் தன் சாப்பாட்டுக்கு ஒரு பானை அரிசி கொண்டுவந்தாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கடையில் போய் வாங்கிவிடக்கூடிய காலமா அது? இருந்தால் பிடிபிடியாகச் சேர்த்தது இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தங்கமான மனுஷர் என்று ஊரே சொல்லும். ஊருக்குத் தங்கமானவரோடு குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தங்கத்தின் அருமை தெரியும். யார் வந்து வாசலில் நின்று கையைப் பிசைந்தாலும், வீட்டில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். நம் பிள்ளைகளுக்கு என்று அம்மா வாயெடுத்தால், "நாளைக்கு உள்ளத ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆண்டவர் வந்து எங்கள் அடுப்படியில் எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, அம்மாதான் பார்த்தாள்.

அதனால்தான் அம்மா அந்தப் பொய்யைச் சொன்னாள். இந்தப் பானை எதற்கு என்று அப்பா கேட்டபோது, இதுவும் காணிக்கைதான், அறுப்புப் பண்டிகைக்குச் சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் கைபடாத அரிசி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது ஆண்டவருடையது. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பக்கமே போகவில்லை. கைமாற்றுக் கேட்டு வந்தவர்களும் அடுப்படி மூலையை எட்டிப் பார்த்துவிட்டு, "காணிக்கையா" என்று மரியாதையாக நகர்ந்துகொண்டார்கள். அம்மா வேப்பிலையும் வசம்பும் போட்டு, வெயிலில் காயவைத்து, புழு அண்டாமல் அதைக் காப்பாற்றினாள். பண்டிகையன்று ஒரு படியை மட்டும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு மீதியை அக்காவோடு அனுப்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

அறுப்புப் பண்டிகையன்று சபையார் எல்லாருக்கும் கோவிலில் சாப்பாடு உண்டு. சமையலுக்கு ஒத்தாசை செய்ய அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு விடியுமுன்னே போய்விட்டாள். ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது நாங்கள் பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தோம். கோவில் வேலைக்காரர் தலையில் ஒரு பானையைச் சுமந்து உள்ளே வந்தார். பின்னாலேயே அப்பா, வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக. வாத்தியார் வீட்டுக் காணிக்கை என்று போதகர் சத்தமாகச் சொன்னார். அந்தப் பஞ்சத்தில் யாரும் அம்புட்டு அரிசி கொண்டுவந்திருக்கவில்லை. சபையே திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். அக்கா மட்டும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை வழக்கம்போல் ஏலம் விட்டார்கள். பரவையிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் எங்கள் அரிசியை எடுத்து வண்டியில் ஏற்றினார். வண்டி வாசலைத் தாண்டுமுன் அக்கா அம்மாவைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்பச் சொல்லிரும்மா. அப்பா போய்க் கேட்டா குடுத்துருவாக."

"எந்த வாயால சொல்லுவேன்? ஆண்டவர் பேரச் சொல்லி ஒளிச்சு வச்சேன். இப்ப அவரு எடுத்துக்கிட்டாரு. அதத் திருப்பிக் கேக்கவா?"

அதற்குள் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. பள்ளி திறந்தபோது அவளுடைய இடத்தில் அரிசி கொண்டுவந்த வேறொரு பெண் சேர்ந்தாள். மறு வருஷம் பேரையூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவருக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் பொம்பிளை புத்தகத்தைத் தொட்டால் கேலி பேசுவார்கள். அம்மா அதன்பிறகு ஒரு பிடி, இரண்டு பிடி எதுவும் எடுத்துவைக்கவில்லை. தன் பொய்க்குக் கிடைத்த தண்டனை என்று கடைசிவரை நம்பினாள். தண்டனை ஏன் மகள் தலையில் விழவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை, அம்மா சொல்ல விடவில்லை. வந்த மருமகன்களிடமெல்லாம் அந்த வருஷத்துக் காணிக்கையைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே கிழவரானார். ஒருமுறை அக்கா பேரையூரிலிருந்து வந்திருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. அம்மா மெதுவாக, "அவுக நிம்மதியாப் போகட்டும்டி" என்றாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல், "எல்லாரும் நிம்மதியாப் போங்க" என்றாள்.

எல்லாரும் போய்விட்டார்கள். பிடியரிசி எடுக்கிற வீடு இப்போது எங்கள் சபையில் ஒன்றுகூட இல்லை. காணிக்கை கவருக்குள் போகிறது, பண்டிகை ஏலத்தில் கேக்கும் பிளாஸ்டிக் குடமும் விலைபோகின்றன. அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்குத் துளி வருத்தமும் கிடையாது. போன மாதம் அக்காவை அடக்கம் பண்ணினோம். புதிதாக வந்த சின்ன வயசுப் போதகருக்கு அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. யாரையோ விசாரித்துக்கொண்டு வந்து, பஞ்ச காலத்தில் ஒரு பானை அரிசியை மனமுவந்து கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர் என்று சொல்லி ஜெபம் பண்ணினார். கொடுத்தது அவள்தான். கொடுக்கிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை.