வலப்பக்கமாகப் போகும் வளைவு

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், உப்பளங்களுக்கு நடுவே ஒரு வளைவு இருக்கிறது. அதற்குப் பெயர் கிடையாது. எங்கள் அலுவலகக் கோப்பில் அதற்கு ஒரு கிலோமீற்றர் இலக்கம் மட்டும் உண்டு. உப்பு வாரும் காலத்தில் புத்தளம் நகரத்தை நோக்கி மோட்டார் சைக்கிளில் வரும் ஊர்க்காரர்கள் யாரும் அந்த வளைவில் இடப்பக்கம் போவதில்லை. வளைவுக்குச் சற்று முன்பே வேகத்தைக் குறைத்து வலப்பக்கத்துக்கு மாறிவிடுவார்கள். எதிரே வருகிறவர்கள் நீளமாக ஒரு ஹோன் அடித்துவிட்டு, தங்கள் பக்கத்தின் ஓரத்தோடு ஒட்டி மெதுவாக வருவார்கள். வீதியின் உலர்ந்த பாதியை இரண்டு தரப்பும் பங்கு போட்டுக்கொண்டு கடந்து போகும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காரணம் உப்பு லொறிகள். உப்பு ஏற்றிய லொறிகள் நகரத்தை நோக்கித்தான் வரும். பின்கதவின் இடுக்கால் உப்புத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். வளைவில் பாரம் ஒரு பக்கமாகச் சாயும்போது இன்னும் கூடுதலாகக் கொட்டும். வெறும் தண்ணீர் வெயிலில் காய்ந்துவிடும், இது காயாது. பக்கத்துக் களப்பின் கடற்காற்றிலிருக்கும் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, தாரின் மேல் எண்ணெய் பூசியது போலக் கிடக்கும்.

முன்பு இப்படி இல்லையாம். பாத்தியிலிருந்து வாரிய உப்பைக் குவித்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடி, தண்ணீர் வடியும்வரை விட்டுவைத்த பிறகுதான் ஏற்றுவார்களாம். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது மாறியது. பங்கீட்டில் டீசல் கிடைத்த அன்றைக்கே லொறி ஓட வேண்டும், அடுத்த கிழமை கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் வடிந்த உப்பு, வடியாத உப்பு என்று பார்க்காமல் ஏற்றினார்கள். பிறகு வரிசை போய்விட்டது. ஈர உப்பை ஏற்றும் பழக்கம் போகவில்லை. டீசலைப் பங்கிட்டவர்களுக்கு இந்த வளைவு ஞாபகத்துக்கு வந்திருக்க நியாயமில்லை.

நான் வீதி அலுவலகம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வேலைக்கு வந்த புதிதில் சட்டப்படி இடப்பக்கமாகவே அந்த வளைவில் திரும்பினேன். பின்சக்கரம் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பார்த்தது. எப்படியோ காலை ஊன்றி நின்றேன். பின்னால் முச்சக்கர வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்று வந்தவர் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"மிஸ், மத்தப் பக்கத்தால போங்க. அது லொறிட பக்கம்."

அன்றிலிருந்து நானும் வலப்பக்கம்தான்.

தில்லையடியில் ஒரு முஸ்லிம் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் தனியாக இருக்கிறேன். அவர்களைப் போல உம்மா, வாப்பா என்று என்னால் எழுத முடியாது. நாங்கள் சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கர். அம்மாவும் அப்பாவும் இத்தாலியில் வேலை செய்கிறார்கள். ஊர் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் கதைப்போம். சாப்பிட்டாயா, மழையா, பூசைக்குப் போனாயா, வேலை எப்படி, அந்த ஒழுங்கில்தான் கேட்பார்கள். அதே ஒழுங்கில் நானும் பதில் சொல்வேன். கதைத்து முடித்த பிறகு அறை முன்பைவிடச் சத்தமில்லாமல் இருக்கும்.

முன்வீட்டில் வீட்டுக்காரப் பெண்மணியும் அவருடைய மகளும் இருந்தார்கள். தாயை நான் மாமி என்று கூப்பிடுவேன். மகள் கற்பிட்டிப் பக்கப் பாடசாலையொன்றில் ஆசிரியை, என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். அவருடைய கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை. காலையில் ஸ்கூட்டியில் போய், பின்னேர வகுப்பும் எடுத்து, நான் வேலை முடிந்து வந்து முகம் கழுவும் நேரத்துக்குத் திரும்புவார். நோன்பு காலத்தில் ஜன்னலால் கஞ்சி தருவார். சில பின்னேரங்களில் தேநீரோடு வந்து என் வாசற்படியில் இருந்துகொண்டு, பிள்ளைகள் பரீட்சையில் எழுதிய பதில்களைச் சொல்லிச் சிரிப்பார். புத்தளத்தில் நான் வேலை அல்லாத விஷயம் கதைத்த ஒரே ஆள் அவர்தான். டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மிஸ் என்பார். அதற்கு மேல் நாங்கள் போகவில்லை, போகத் தேவையும் இருக்கவில்லை.

காற்றுக் காலத்தில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடலில் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்கு வேன்கள் போகும். அப்படி ஒரு வேன், கூரையில் பலகைகளைக் கட்டிக்கொண்டு, ஹோன் அடிக்காமல் அந்த வளைவுக்குள் வந்தது. சாரதி வெளியூர். அவர் தன் பக்கத்தில்தான் வந்தார். ஹோன் அடிக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? டீச்சரும் அந்தப் பக்கத்தில்தான் வந்தார். மோதியதில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது அவர் முறிந்த காலைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. பொலிஸார் பிழையான பக்கத்தில் ஓட்டியதாக வழக்குப் போட்டிருந்தார்கள், சாரதி லைசனையும் எடுத்துவிட்டார்கள்.

"லைசன் இல்லாமப் போனா முடிஞ்சி மிஸ். அந்த நேரத்துக்கு பஸ் இல்ல. உம்மா இப்பவே செல்றாங்க, வீட்டுல இரி எண்டு. கோட்டுல குற்றம் எண்டு தீத்தா, பொறகு நான் எதச் செல்லி வெளிக்கிட?"

நியமனத்துக்காக அவர் வருடக்கணக்காகக் காத்திருந்தவர். கட்டிலின் ஓரத்தில் ஒரு கட்டு விடைத்தாள் இருந்தது. படுத்துக்கொண்டே திருத்திக்கொண்டிருந்தார்.

அவருடைய நானா, அதாவது அண்ணன், நகரத்தில் கடை வைத்திருப்பவர். அவர் பிடித்த சட்டத்தரணி, வீதியின் நிலை பற்றிச் சாட்சி சொல்ல எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டார். எங்கள் பொறியியலாளர் என்னைப் போகச் சொன்னார். வீதி நல்ல நிலையில் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றார்.

அதற்கு முன் நானே போய் அளந்தேன். சிவப்புக் கூம்புகளை வைத்து, ஒரு தொழிலாளியைக் கொடியோடு நிறுத்தி, இரண்டு பக்கத்தையும் கழுவிக் காயவிட்டு, மண் பரப்பும் சோதனையைச் செய்தேன். அளந்த மண்ணைத் தாரின் மேல் வட்டமாகத் தேய்த்துப் பரப்பினால், வட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்பதிலிருந்து மேற்பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்று தெரியும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொறியியலாளர் சொன்னது சரி. தாரில் குற்றமில்லை, குற்றம் தாரின் மேல் கிடந்ததில்.

தாரின் மேல் கிடந்தது யாருடையது? மனதுக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன். தார் எங்களுடையது. வீதியின் ஓரம் பிரதேச சபையுடையது. ஓடுகிற லொறி பொலிஸுக்கு. லொறியின் பெட்டியும் கதவும் வாகனங்களைப் பரிசோதிக்கிறவர்களுக்கு. உப்பு உப்பளத்துக்கு. டீசல் வேறோர் அமைச்சுக்கு. லொறியிலிருந்து விழுந்து, தாரில் படும்வரை உள்ள அந்த ஒழுக்கு மட்டும் எந்தப் பெயரின் கீழும் வரவில்லை.

நீதிமன்றத்தில் டீச்சர் ஊன்றுகோலோடு வந்து மாமிக்குப் பக்கத்தில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொன்னார். வீதி பாவனைக்கு உகந்ததா என்று சட்டத்தரணி கேட்டார். தார் உகந்தது, உப்புத் தண்ணீர் கிடக்கும் நாட்களில் நகரத்தை நோக்கி வரும் பக்கம் இரண்டு சக்கர வாகனங்களுக்கு உகந்ததல்ல என்றேன். அப்படியென்றால் எதிர்ப்பக்கத்தில் ஓட்டுவது சரியா என்று வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி கேட்டார். சட்டப்படி பிழை என்றேன். ஊர்க்காரர்கள் எப்படிப் போகிறார்கள் என்றும் கேட்டார்கள். ஹோன் அடிப்பது, ஓரம் ஒட்டுவது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய கேள்வி எனக்கு மொழிபெயர்க்காமலே விளங்கியது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நீங்கள் அந்த இடத்தில் எந்தப் பக்கத்தால் போவீர்கள்?"

"வலப்பக்கத்தால், கனம் நீதவான் அவர்களே."

பின் வரிசை வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. டீச்சரை எச்சரித்து விடுவித்தார். லைசனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த வளைவைக் கவனிக்கும்படி பொலிஸாருக்கு உத்தரவிட்டார்.

வெளியே மாமி என் கையைப் பிடித்து, "அல்லாஹ் ஒங்களுக்கு நல்லத செய்யணும் மகள்" என்றார். அன்றைக்கு முன்வீட்டிலிருந்து சோறு தட்டு நிறைய வந்தது.

பொலிஸார் வளைவைக் கவனித்தார்கள். அடுத்த கிழமையிலிருந்து இரண்டு பேர் அங்கே நின்று, வலப்பக்கத்தால் வருகிற ஒவ்வொருவரையும் மறித்தார்கள். எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று நீதிமன்றத்திலேயே ஓர் அரச உத்தியோகத்தர் சொல்லிவிட்டாரே. லொறிகள் அவர்களுக்கு முன்னால் ஒழுகிக்கொண்டே போயின. ஒரு நாள் நானே நிறுத்திக் கேட்டேன். அங்கே நின்றவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் ஓட்டினால் தண்டம் எழுத இடமிருக்கிறது, தண்ணீர் ஒழுகுவதை எதன் கீழ் எழுதுவது என்று தனக்குத் தெரியாது, சுற்றாடல் அலுவலகத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

எங்கள் அலுவலகத்துக்கும் பொலிஸிலிருந்து கோரிக்கை வந்தது. இடப்பக்கமாகச் செல்லவும் என்று ஒரு பலகை வேண்டுமாம். இடத்தைத் தெரிவுசெய்து நட்டுவிட்டு வரும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. நட்டேன். பார்வைத் தூரம், உயரம், ஓரத்திலிருந்து இடைவெளி எல்லாம் விதிப்படி சரியாக இருந்தன. கொங்கிரீட் இறுகும்வரை நின்றேன். பாண்காரர் அந்தப் பக்கமாக வந்தார். அவருக்கும் ஏற்கெனவே தண்டம் எழுதியிருந்தார்கள். பாட்டை நிறுத்தாமலே கேட்டார்.

"மிஸ், இப்ப எந்தப் பக்கத்தால போற? கோட்டுல கேட்டுச் செல்லுங்க."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

டீச்சரின் நானாவையும் மறித்தார்கள். ஒரு தடவையல்ல. தெருவில் இருந்தவர்கள் மாமியிடம், உங்கட அனெக்ஸ் மிஸ்தானே காட்டிக் குடுத்த என்று சொன்னதாக அறிந்தேன். மாமி என்னிடம் எதையும் சொல்லவில்லை. சிரிப்பார், சுகம் கேட்பார், உள்ளே போய்விடுவார். தட்டு வருவது குறைந்தது. நானா வந்திருக்கும் நேரங்களில் நான் முற்றத்துக்குப் போவதைத் தவிர்த்துக்கொண்டேன்.

என் வரிசையில் இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் பொறியியலாளரின் கையெழுத்தோடு கடிதம் அனுப்பினேன். உப்பு வடிந்த பிறகு ஏற்ற வேண்டும், அல்லது லொறிக்குக் கீழே தண்ணீர் பிடிக்கும் தட்டுப் பொருத்த வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் இன்னோர் இடத்தைக் கேட்கும்படி சொன்னது. கடைசியாக வந்த பதில், வீதி மேற்பரப்பு சம்பந்தமான விடயமாகையால் உரிய வீதி அலுவலகத்தை நாடவும் என்றது. அந்த உரிய அலுவலகம் நாங்கள்தான். கோப்பில் இடுவதற்காக அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கால் குணமாகி, டீச்சர் மறுபடி பாடசாலைக்குப் போகத் தொடங்கினார். மாமி தடுத்துப் பார்த்திருக்கிறார். நீதிமன்றமே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டது என்று இவர் வாதாடியிருக்கிறார். ஒரு பின்னேரம் ஒரு தட்டை ஜன்னலால் தந்துவிட்டு, போகாமல் நின்றார்.

"நீங்க பொய் செல்லல்ல மிஸ். செல்லியிருந்தா என்ட லைசன் போயிருக்கும். அது எனக்குத் தெரியும்."

நான் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

"எண்டாலும் எங்கட பக்கத்த அங்க செல்லியிருக்க வேணாம்."

வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டேன். அவர் யோசித்தார். தெரியவில்லை என்றார். பிறகு தட்டைச் சுட்டிக்காட்டி, "ஆறிடும், தின்னுங்க" என்றார்.

"இப்ப எப்படிப் போறீங்க?"

"இடப்பக்கத்தாலதான். ரெண்டு காலையும் கீழ வெச்சி, தாராக்குஞ்சு நடக்கிற மாதிரி. பின்னால லொறிக்காரன் ஹோன் அடிப்பான். அடிக்கட்டும்."

சிரித்தார். முன்பு போல என் வாசற்படியில் இருக்கவில்லை.

உப்பு வாரும் காலம் இன்னும் முடியவில்லை. நான் அந்த வளைவில் இப்போது இறங்கி, சைக்கிளைத் தள்ளுவது போல மோட்டார் சைக்கிளை ஓரத்தால் தள்ளிக்கொண்டு வருகிறேன். நான் நட்ட பலகையைக் கடந்துதான் வர வேண்டும். உப்புக் காற்றில் அதன் ஆணிகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டன. பராமரிப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

பின்னேரங்களில் வந்து முகம் கழுவிவிட்டு ஜன்னலோடு இருப்பேன். விபத்துக்குப் பிறகு டீச்சரிடம் ஒரு புதுப் பழக்கம். வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் நீளமாக ஒரு ஹோன் அடிப்பார். அங்கே எதிரே வருவதற்கு வாகனம் எதுவும் இல்லை. கேற்றும் பகலில் பூட்டியிருப்பதில்லை. உம்மாவுக்காக அடிக்கிறாரா, எனக்காகவா, அல்லது அந்த வளைவிலிருந்து கை கொண்டுவந்த பழக்கமா என்று கேட்டதில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

அது கேட்கும்வரை நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பதில்லை. நேற்று லொறிகள் அதிகம். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லியும் ஸ்கூட்டி வரவில்லை. முன்வீட்டில் மாமி விளக்கைப் போட்டுவிட்டுக் கேற்றடியில் வந்து நின்றார். நான் ஜன்னலில் நிற்பதைக் கண்டார். மறுபடி தெருவைப் பார்த்தார். பிறகு முடக்கில் ஹோன் கேட்டது. மாமி உள்ளே போனார். நான் காஸ் அடுப்பைப் பற்றவைத்து, ஒரு கோப்பைக்குத் தண்ணீர் வைத்தேன்.