நகத்தடம் வைத்த பொட்டலம்

என் அப்பா ஒரு வீட்டை வாங்குவதற்கு முன் பதினோரு வீடுகளை வாங்காமல் விட்டார். பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியில் கத்தரி வைக்கும் முன் நாலு தடவை அளந்து, ஐந்தாவது தடவை சும்மாவாவது தடவிப் பார்ப்பவர். வீடு பார்க்கப் போன இடத்திலும் அந்தக் கை சும்மா இருக்காது. சுவரைத் தட்டுவார். கதவைத் திறந்து திறந்து மூடுவார். அதற்குள் புரோக்கர் இரண்டு தடவை வெற்றிலை போட்டு முடித்திருப்பார். ஒரு வீட்டுக்குத் தெருக்குத்து. இன்னொரு வீட்டின் படியில் கால் வைத்தபோது பல்லி கத்திவிட்டது. மற்றொன்றை விற்க வந்தவருக்கு இரண்டு தாரம் என்றும், இரண்டாவது தாரத்துப் பிள்ளைகளுக்கு விற்கிற சேதியே தெரியாது என்றும் கடைசியில் தெரியவந்தது. அந்த ஒன்றில் மட்டும் அப்பா பின்வாங்கியது சரி என்று இன்றைக்கும் சொல்வேன்.

அப்போது நாங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு அறை, ஆறு குடும்பம், ஒரு கிணறு. கிணற்றுக் கயிறு வீட்டுக்காரம்மாவின் அறையில் ஆணியில் தொங்கும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வெளியே வரும். நடுவில் தண்ணீர் வேண்டுமென்றால் அவர் வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். அம்மா கேட்கமாட்டாள். கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்த ஒரு மத்தியானம் மட்டும் போய் நின்றாள். வீட்டுக்காரம்மா தூங்கி எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வரும்வரை குடத்தோடு நின்றாள். அதற்குப் பிறகு அம்மா சொந்த வீடு என்று சொன்னபோதெல்லாம் சொந்தக் கிணற்றைத்தான் சொன்னாள்.

பன்னிரண்டாவது வீடு ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சின்ன ஓட்டு வீடு, பின்னால் கிணறு. அதை விற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். உடுமலைப்பேட்டையில் மகனோடு போய் இருக்கப்போகிறார். அம்மா நேராகப் பின்பக்கம் போனாள். ஒரு வாளி இறைத்தாள், ஒரு வாய் குடித்தாள், மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

மற்றதையெல்லாம் அப்பா பார்த்தார். மூலப்பத்திரத்தைப் பத்திரம் எழுதுகிறவரிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொன்னார். வில்லங்கம் போட்டுப் பார்த்தார். நாலு எல்லையையும் கம்பெனி டேப்பால் அளந்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்குப் பெரிய குறையாகப் போய்விட்டது.

"எல்லாஞ் செரியாத்தான் இருக்குது. அதுதான் எனக்கு ரோசனையா இருக்குது," என்றார்.

"ஏனுங்க, இதையும் உட்டுட்டா நா இன்னொரு ஊட்டப் பாக்க வரமாட்டனுங்க," என்றாள் அம்மா. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாத்தியாரும் வேறு ஆட்கள் கேட்கிறார்கள் என்று சொல்லி, சனிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்றுவிட்டார். அப்பா யோசித்து யோசித்து, வெள்ளிக்கிழமை முருகன் மலைக்குப் போய்ப் பூக் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் கடைசி வார்த்தை சாமியுடையது. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, பார்வைக்கு ஒன்றுபோல நூலால் கட்டி, சன்னிதியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று அதில் ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை, அதற்கு மேல் பேச்சில்லை. விவரம் தெரியாத குழந்தை என்று அப்பா தேர்ந்தெடுத்தது என்னை. எனக்கு எட்டு வயது.

விவரம் எனக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. லைன் வீட்டின் பின்னால்தான் கம்பெனியின் வேஸ்ட் துணி மூட்டைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். மூன்றாவது அறைப் பெண்ணும் நானும் அதிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி, குச்சிப் பொம்மைகளுக்குச் சேலை கட்டி ஒரு பெரிய குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் மூட்டையும் போச்சு, அவளும் போச்சு. அம்மாவின் கிணறு எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, பறித்து வைத்திருந்த அரளிப் பூக்களை வாழையிலைத் துண்டுகளில் மடித்தாள். நான் கதவோரம் நின்று, சிவப்பு எந்தப் பொட்டலத்துக்குள் போகிறது என்று பார்த்தேன். தம்பி அழுதான். அம்மா எழுந்து போன நேரத்தில், அந்தப் பொட்டலத்தின் இலையில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன். பிறை போலத் தடம் விழுந்தது. ஒன்றும் தெரியாதவள் மாதிரி தலை வாரிக்கொள்ளப் போய்விட்டேன்.

மலைப்படி ஏறிச் சன்னிதிக்குப் போனோம். பூசாரி பொட்டலங்களை முருகன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டில் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"சாமிய நெனச்சுட்டு ஒண்ண எடு கண்ணு," என்றார்.

நான் சாமியை நினைக்கவில்லை, நகத்தடத்தைத் தேடினேன். இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். அம்மா மூடவில்லை.

பூசாரி நூலை அவிழ்த்தார். உள்ளே வெள்ளை அரளி இருந்தது.

"உத்தரவாயிருச்சுங்க. போயி அட்வான்ஸக் குடுங்க," என்றார்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தை அம்மா வெடுக்கென்று எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். பூசாரி கையிலிருந்த இலையில் என் நகத்தடம் அப்படியே இருந்தது. அதற்குள் சிவப்புப் பூ போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முருகன் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படி இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. அப்பா முன்னால் போய்விட்டார். அம்மா உட்கார்ந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். முந்தானை முடிச்சு அவிழ்ந்து, நசுங்கிய சிவப்பு அரளி ஒன்று படியில் விழுந்தது. இருவரும் அதையே பார்த்தோம்.

"ஆருகிட்டயும் சொல்லாத சாமி," என்றாள் அம்மா.

"நீயும் சொல்லாதம்மா," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு பூவை எடுத்து மறுபடி முடிந்துகொண்டாள்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். முருகன் சிவப்பை எடுத்து அம்மாவின் முந்தானையில் வைத்து என் திருட்டை அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார். அம்மா அப்பாவிடம் சொல்லாமல் என்னைக் காப்பாற்றுகிறாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த பாசத்துக்கு அளவே இல்லை.

வீடு பதிவானது. குடிபோன அன்று அம்மா புதுக் கயிற்றை ராட்டினத்தில் போட்டாள். இரவும் பகலும் அது அங்கேயே கிடந்தது. மூன்றாவது அறைப் பெண்ணை நான் ஒரு மாதத்தில் மறந்துபோனேன்.

ஆனால் மாதம் தவறாமல் கிருத்திகைக்கு அம்மா மலைக்குக் கிளம்புவாள். நானும் கூப்பிடாமலேயே கூடப் போவேன். வீடு கொடுத்த சாமியைத் தாயும் மகளும் மறக்கவில்லை என்று அப்பா கம்பெனியில் பெருமையாகச் சொல்வாராம். சன்னிதியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து கும்பிடுவோம். என் மன்னிப்பைக் கேட்டு முடித்து நான் எழுந்த பிறகும் அம்மா எழமாட்டாள். என் தப்புக்காக அம்மா இவ்வளவு நேரம் கெஞ்சுகிறாளே என்று நான் மறுபடியும் விழுந்து கும்பிடுவேன். நான் தலை வாரப் போன பிறகு சிவப்பை வெளியே எடுத்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துவிட்டு, சாமிக்குப் பறித்த சிவப்பைக் குப்பையில் போட மனம் வராமல் முந்தானையில் முடிந்துகொண்டு மலையேறியவள், தன் கணக்கைத்தான் சொல்லி அழுதுகொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.