இரண்டு பேர் உப்பு

எங்கள் அம்மா இறைவனிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வந்த இடத்தில் ஒன்றைப் பார்த்தீர்கள். பார்த்ததை ஓராண்டாகப் பேசியும் வருகிறீர்கள். மனைவியின் உடல் கூடத்தில் கிடக்க, அப்பா குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்து மீன் குழம்பு வைத்தார் என்பதே அந்தப் பேச்சு. அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதியைச் சொல்லவே மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

அம்மா மணப்பாட்டில் பிறந்தார். ஏழு வயதுக்குள் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் காலமாகிவிட, உறவினர்கள் அவரைக் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்தார்கள். அங்கே தையல் கற்றார், ஜெபம் கற்றார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லக் கற்றார். சமையல் மட்டும் கற்கவில்லை. விடுதிச் சமையலறைக்குள் பிள்ளைகளை விடமாட்டார்களாம். இருபத்திரண்டாம் வயதில் தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அப்பா தோணியில் பண்டாரி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் ஆட்களுக்குச் சமைத்துப் போடுபவருக்கு அதுதான் பெயர். பத்துப் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சமைப்பார். இரண்டு பேருக்குச் சமைக்கத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவர் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டு அம்மா இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாராம்.

"என்னங்க இது? கடத்தண்ணியிலயா வச்சீங்க?"

"பத்துப் பேரு உப்பு கைக்குப் பழகிட்டுளா. நான் என்ன செய்யட்டும்?"

அன்றைக்குத் தொடங்கியது அவர்கள் படிப்பு. தோணி ஓடாத மாதங்களில் அப்பா வீட்டில்தான் இருப்பார். ஒருவர் மீன் கழுவுவார், மற்றவர் தேங்காய் துருவுவார். அடிப்பிடித்த சோறு, உடைந்துபோன மீன், திரிந்த பால் என்று எத்தனையோ கெட்டுப்போயின. ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு தின்று தீர்த்தார்கள். அம்மா ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து ஏறி வந்தார், அப்பா பத்திலிருந்து இறங்கி வந்தார், இரண்டில் சந்தித்துக்கொண்டார்கள். நான் பிறந்த பிறகும் அது 'இரண்டு பேர் உப்பு'தான். என்னைச் சேர்த்துக்கொண்டதாகவே தெரியவில்லை. அந்தச் சின்னக் குசினியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் கிடையாது. எனக்குச் சமையல் வராமல் போனதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் காரணம் இதுதான்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யார் குழம்பு வைத்தாலும் மற்றவர்தான் உப்புப் பார்க்க வேண்டும். வைத்தவர் கரண்டியில் கோரிக்கொண்டுபோய் மற்றவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். அவர் சரி என்றால்தான் சட்டி இறங்கும். அம்மா பள்ளிச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தால் அப்பா தையல் மெஷினுக்கே கரண்டியோடு போவார். ஒருமுறை காற்றில் சிக்கித் தோணி இரண்டு வாரம் கரை வந்து சேரவில்லை. அம்மா அத்தனை நாளும் கஞ்சிதான் குடித்தார். குழம்பு வைத்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "உப்புப் பாக்க ஆளில்லாம கொழம்பு எதுக்கு?" என்றார்.

பிறகு அம்மாவுக்கு இருதயம் பலவீனமானது. கால் வீங்கியது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. உப்பை அறவே விடச் சொன்னார்கள் மருத்துவர்கள். ஊரைச் சுற்றி உப்பளம். எங்கள் வீட்டில் உப்பு ஜாடி காலி. அப்பாவும் விட்டுவிட்டார். இருவரும் மறுபடியும் சமையல் படித்தார்கள், இந்தமுறை உப்பில்லாமல். பூண்டைக் கூட்டிப் பார்த்தார்கள், மிளகைக் கூட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வாயில் வைக்க விளங்கவில்லை. ஆனாலும் உப்புப் பார்ப்பதை விடவில்லை. உப்பே போடாத குழம்பை அப்பா அம்மாவின் உள்ளங்கையில் விட, அவர் நாக்கில் வைத்து, "கச்சிதமா இருக்கு" என்பார். மறுநாள் அப்பா அதே பொய்யைத் திருப்பிச் சொல்வார். இரண்டு வருடம் இப்படிப் போனது.

அம்மா இறந்த அன்றைக்குக் காலையில் அப்பா விளமீன் வாங்கி வந்தார். அரைப்பது அம்மா, குழம்பு கூட்டுவது அப்பா என்று பேச்சு. அம்மா மசாலாவை அரைத்து முடித்து, "செத்த நேரம் உக்காந்துக்கிடுதேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படியே சுவரில் சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அம்மாவைக் கூடத்தில் கிடத்திவிட்டோம்.

அப்பா அழவில்லை. அம்மாவின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து குசினிக்குள் போனார். மசாலா கொதிக்கும் வாடை கூடத்துக்கு வந்த பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. அத்தை, அப்பாவின் அக்கா, உள்ளே ஓடினார்.

"ஏலே, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? அடக்கம் முடியாம செத்த வீட்டுல அடுப்பு மூட்டலாமால?"

"அவ அரைச்சு வச்சது, அக்கா. விட்டா கெட்டுப் போவும்லா."

கூடத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், "அண்ணாச்சிக்குப் பசி பொறுக்கல போல" என்றார். அது என் காதில் விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

அந்த நேரம் அப்பா கரண்டியோடு குசினியிலிருந்து வெளியே வந்தார். கரண்டியில் குழம்பு இருந்தது. அம்மா கிடந்த இடத்தைப் பார்த்து நடந்தார். நான் கூடத்து வாசற்படியில் மறித்தேன்.

"எங்கப்பா போறீங்க? எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். நான்லா வச்சிருக்கேன். அவ உப்புப் பாக்கணும்லா."

அவர்கள் சட்டம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அவரை விட்டிருக்கலாம். நான் கரண்டியைப் பிடுங்கினேன். அடுப்பை அணைத்து, சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினேன். அம்மா கையால் அரைத்த கடைசி மசாலா அது என்பது கொட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா காலிச் சட்டியை என் கையிலிருந்து வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அது இன்னும் கவிழ்ந்தபடியே இருக்கிறது.

ஆகவே உறவினர்களே, சாவு வீட்டில் அடுப்பு மூட்டியவர் என்று இனி அப்பாவைச் சொல்லாதீர்கள். பேச வேண்டுமானால் கொட்டியவளைப் பேசுங்கள். அம்மா என்னை மன்னித்திருப்பார் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்த நிச்சயம் இல்லை.

அம்மாவை எந்த நேரத்திலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன தெருமுனை ஆட்டோ அண்ணாச்சிக்கும், வீங்கிய காலைத் தன் மடியில் வைத்து மருந்து தடவிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அடக்க ஜெபங்களைச் சொன்ன பங்குத் தந்தைக்கும், கல்லறை வரை உடன் நடந்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. கோபத்தை மறந்து ஓராண்டாக வாரம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வரும் அத்தைக்குத் தனியாக நன்றி.

அப்பா அதற்குப் பிறகு குசினிக்குள் கால் வைக்கவில்லை. என் வீட்டிலிருந்து கேரியரில் சாப்பாடு போகிறது. நான் சமைப்பது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும். ஒரு குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு டப்பாக்களைக் கழுவி வைக்கிறார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

இதை எழுத உட்கார்ந்தபோது அவரிடம் கேட்டேன். "அப்பா, மறுபடியும் நீங்களே ஒரு சட்டி கொழம்பு வச்சுச் சாப்பிடலாம்லா?"

உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"பத்துப் பேருக்குத் தோணியில படிச்சேன். ரெண்டு பேருக்கு ஒங்கம்மாகூட படிச்சேன். ஒரு ஆளுக்கு நான் யாருகிட்டளா போயிப் படிக்க?"