எலுமிச்சம்பூவும் ஆதிகேசவனின் மாத்திரையும்

சந்திரகலாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு கவரைப்பேட்டையில். நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள், வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாக மாறிய பிறகு, கும்மிடிப்பூண்டியில் எலுமிச்சம்பூவை உலர்த்திச் சத்து எடுக்கும் சின்னத் தொழிற்கூடமொன்றில் சேர்ந்தாள். மரத்தடியில் வலை விரித்துச் சேர்த்த பூக்கள் காலையில் வேனில் வந்து இறங்கும். இலை, குச்சி, எறும்பு எல்லாம் நீக்கி, தட்டுகளில் பரப்பி நிழலில் காயவைப்பது பெண்களின் வேலை. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் நனைவது சந்திரகலாவின் கண்கள்தான். அதற்காக அவளைக் கேலி செய்யாதவர்கள் அந்தக் கூடத்தில் இல்லை.

அங்கே பரிசோதனை அறையைப் பார்த்துக்கொண்டவள் ஏஞ்சலின். வேதியியல் படித்துவிட்டு மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். 2007 மாசியில் ஒருநாள், இந்தப் பூவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பெண்கள் கேட்க, அவள் பெருமையோடு விளக்கினாள். பூவில் ஹெஸ்பெரிடின், நாரிஞ்ஜின் என்று சில பொருட்கள் இருக்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகாமல் இருக்க அவை உதவலாம். மணத்தைத் தருகிற லினலூல் என்பது மனப் படபடப்பைக் குறைக்கலாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ரத்த அழுத்தம் குறைந்ததாகக் கட்டுரைகள் சொல்கின்றன. ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனைகள் குறைவு, இன்னும் இதை மருந்து என்று சொல்ல முடியாது என்றும் கடைசியில் சொல்லிவைத்தாள்.

சந்திரகலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் படித்தவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆராய்கிற ஒரு பொருள் மருந்தாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? அவள் நெஞ்சில் தங்கியது ரத்த அழுத்தம் என்ற சொல் மட்டும்தான்.

ஏனென்றால், அவள் கணவன் ஆதிகேசவனுக்கு இரண்டு வருடமாக அதுதான் வியாதி. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிற வேலை. படுத்தால் தூக்கம் வராது. மாத்திரையைக் கையில் கொடுத்தால், ஆயுசுக்கும் இதைத் தின்னுக்கினே சாகணுமா என்று சலித்துக்கொள்வான்.

அவர்கள் வீட்டுத் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. அதன் அடியில் பழைய சேலையை விரித்து, உதிர்ந்த பூக்களைச் சேர்த்தாள். வேலையில் பழகிய கைப்பக்குவத்தோடு நிழலில் உலர்த்தினாள். தினமும் ஒரு டம்ளர் கஷாயம். நாட்டு மருந்து என்றால் பத்தியம் இல்லாமலா? கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கிலீஷ் மருந்து கூடாது. இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று முறித்துவிடும் என்று அவள் கேட்டே வளர்ந்திருந்தாள். மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் ஆதிகேசவன் குறட்டை விட்டுத் தூங்கினான். சந்திரகலா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குறட்டையை ரசித்தாள். இருபத்திரண்டாம் நாள், சாப்பாட்டு வேளையில், ஏஞ்சலினிடம் இந்த நல்ல செய்தியைச் சொன்னாள். உன் படிப்பு என் தாலியைக் காப்பாற்றியது என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏஞ்சலின் டிபன் டப்பாவை மூடினாள்.

"அக்கா, மாத்திரையும் போட்டுக்கினுதான இருக்காரு?"

"அதெப்படிம்மா? பத்தியம் கெட்டுடாது?"

அவருக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட் என்று மட்டும் ஏஞ்சலின் கேட்டாள். இரண்டு மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டே முக்கால். அந்த அழுத்தத்தோடு அவர் உலை முன் நின்றால் என்ன ஆகும் என்று ஏஞ்சலின் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே சந்திரகலாவுக்கு விளங்கிவிட்டது. இருவரும் அனுமதி வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். வழியெல்லாம் சந்திரகலா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள்.

ஆலை வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தான் ஆதிகேசவன்.

"இன்னா மே, இங்க வந்து நிக்கற? ஊட்ல யாருக்கு இன்னா?"

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். பக்கத்துக் கிளினிக்கில் கருவி நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து காட்டியது. டாக்டர் மறுபடி ஒருமுறை பார்த்தார். அதே எண்கள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, தூக்கம்கூட நன்றாக வருகிறதே என்று ஆதிகேசவன் வாதாடினான். தூக்கமும் உண்மை, இந்த எண்ணும் உண்மை, இந்த வியாதி சொல்லிக்கொண்டு வராது என்றார் அவர். மாத்திரையை உடனே தொடங்கச் சொல்லி, ஒரு வாரம் உலைப் பக்கம் போகக் கூடாது என்று சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் சந்திரகலா உடைந்துபோனாள்.

"என் கையாலயே உனக்கு எமனைக் காய்ச்சிக் குடுத்துட்டேன்யா."

"எமன் இவ்ளோ வாசனையா இருப்பானா? அழுவாத. இருவத்திரண்டு நாளா கருவாடு இல்லாம இருந்தேனே, அதுக்கு அழு."

ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. உப்பு மிகுந்த கருவாடும் ஊறுகாயும் நிறுத்தியது ஒன்றுதான் இதில் உருப்படியான வைத்தியம், அதை மட்டும் விடாதீர்கள் என்றாள். தப்பு தன்னுடையதும்தான் என்றும் சொன்னாள். எலியைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டு, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று வருந்தினாள்.

மறுநாள் காலை, வேன் வருவதற்கு முன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஏஞ்சலின் கூடத்துக்கு வந்தாள். அதற்குள் சந்திரகலா எழுந்து நின்றுவிட்டாள். கேலிக்குப் பெயர்போன அந்தக் கூட்டத்தின் நடுவே, தான் செய்ததையும், கருவி காட்டிய எண்ணையும், அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்த அட்டையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்கள் வழக்கம்போல் நனைந்தன. ஆனால் நிறுத்தவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

மூலையில் நின்ற செண்பகம், அவளும் அங்கே பூ காயவைப்பவள்தான், கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சந்திரகலா வீட்டுக் குறட்டைக் கதையைக் கேட்டு, பத்து நாளாகத் தன் மாமியாருக்கும் இதே கஷாயம்தான் கொடுக்கிறாளாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாளாம்.

"இப்ப போய் சொன்னா மாமியார் என்னைத் திட்டித் தீத்துடும்க்கா" என்றாள் அழமாட்டாக் குறையாக.

சந்திரகலா செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள்.

"திட்டும். வா, நானும் கூட நின்னு வாங்கிக்கறேன்."