ஒரு மணி நேரத் தூரம்

வடமாலபேட்டை பஸ் நிறுத்தத்தில் அண்ணி திருப்பதி பஸ்ஸுக்காக நின்ற அந்தக் காலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எங்கள் ஊரில் திருப்பதிக்குப் போகாதவர்கள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு, கல்யாணத்துக்குத் துணி எடுக்க, ஏதாவது ஆபீசில் ஒரு கையெழுத்து வாங்க என்று காலையில் பஸ் ஏறுவார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். ஒரு மணி நேரப் பயணம்தான். அன்று அண்ணி நான்கு புடவைகளை ஒரு ரெக்ஸின் பையில் மடித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதத்துக்கு ஊர்ப்பக்கமே வருவதில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவளுடைய மகள், மூன்றரை வயதுப் பெண், என் இடுப்பில் இருந்தாள். அண்ணி குழந்தையைக் கை நீட்டி வாங்கவில்லை. "மத்தியானத்துல தயிர் ஊத்தாத, சளி புடிக்குது" என்று என்னிடம் சொன்னாள். பஸ் வந்தது. எங்கள் பக்கத்து ஜன்னலோரம் இடம் இருந்தும், அவள் எதிர்ப்பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

அவள் திருப்பதிக்குப் போனது உண்மையில் குவைத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்வதற்காக. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அப்போது எங்களுக்கும் விசித்திரமாகத்தான் இருந்தது.

எங்களுடையது நிலமில்லாத குடும்பமாக இருந்து, நைனா காலத்தில் பட்டா கிடைத்து ஒரு ஏக்கருக்குச் சொந்தக்காரர்களான குடும்பம். அந்த ஏக்கரில் மழை பெய்தால் வேர்க்கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. மற்ற நாளெல்லாம் கூலி வேலை. ஒரு மாங்காய் சீசனில் லோடு ஏற்றும்போது அண்ணன் லாரி மேலிருந்து விழுந்தான். முதுகில் அடி. எழுந்து நடமாட முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு குடம் தண்ணீரைக்கூட அவனால் தூக்க முடியவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. அண்ணி சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் முழுக்கப் பழம் அரிந்தாள், சீசன் முடிந்ததும் களை எடுத்தாள், நாற்று நட்டாள். வீடு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் பின்சுவர் மட்டும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது.

எங்கள் மாவட்டத்திலிருந்து பெண்கள் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. புத்தூரில் ஓர் அக்கா அங்கே ஆறு வருடம் இருந்துவிட்டு வந்திருந்தாள். தனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று அவள்தான் சொல்லியனுப்பினாள். அண்ணி என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனாள். சம்பளத்தைப் பற்றி அண்ணி அவ்வளவாக விசாரிக்கவில்லை. அவள் கேட்ட கேள்விகளே வேறு. படுக்கிற அறையில் ஜன்னல் இருக்குமா? தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்ள விடுவார்களா? அந்த ஊரில் விடிகாலையில் என்ன சத்தம் கேட்கும்? குவைத் அக்கா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். கடைசியாக அண்ணி, "அயுதா இன்னா ஏதுன்னு யாராச்சும் கேப்பாங்களா?" என்று கேட்டபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "பாத்ரூம்ல தண்ணிய தொறந்து உட்டுக்கினு அயுவணும்" என்றாள்.

விசா வர மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில்தான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. திருப்பதியில் கொர்லகுண்டாவில் ஒரு தெலுங்குக் குடும்பம் வீட்டோடு தங்கி வேலை செய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் அங்கே இருந்து பார்க்கிறேன், அதுவரை ஊருக்கு வர மாட்டேன், நீங்களும் யாரும் வரக் கூடாது, பூத்துக்குப் போய் போன் பண்ணவும் கூடாது என்றாள்.

"திருப்பதி எங்க, குவைத் எங்க? இது இன்னா பைத்தியம்?" என்றான் அண்ணன்.

"அங்க போயி முடியலன்னா திரும்பி வர முடியாது. இங்கன்னா ஒரு மணி நேரம். பஸ்ஸு கண்ணு முன்னால போய்க்கினே இருக்கும், ஏறாம இருக்கணும். அப்டி இருக்க முடிஞ்சா எங்க வேணா இருக்கலாம். அங்க போயி அயுதுக்கினு கெடக்கறதுக்கு, இங்கியே அயுது பாத்துட்றேன்."

அன்று சாயங்காலம் அண்ணன் என்னிடம் மட்டும் சொன்னான், "போவாதன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. போன்னு சொல்ல மனசு இல்ல."

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. புத்தூரில் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். குழந்தை என் பொறுப்பில் வந்தது. முதல் வாரம் சாயங்காலமானால் அவள் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நிற்பாள். அம்மா ஊசி போட்டுக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். இரண்டாவது வாரம் அவளே போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஊசிக் கதையைச் சொன்னாள். மூன்றாவது வாரத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள். சோறு தின்ன நான் கையால் பிசைந்து ஊட்ட வேண்டும், தூங்க என் காது மடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் என்னை "ம்மா" என்றாள். "அத்தன்னு சொல்லு" என்று திருத்தியிருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அந்தச் சொல் எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் அதே நேரத்தில், மறுபடி சொல்வாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆறாவது வாரம் குழந்தைக்குக் காதில் சீழ் வந்தது. ஊர் மருந்துக்கு அடங்கவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதி, மருந்து ஊற்றி வெளியே வந்தபோது மத்தியானம். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் என் கால்கள் கொர்லகுண்டாப் பக்கம் நடந்தன. வேலை பேசி முடித்த அன்று நானும் கூட வந்திருந்ததால் வீடு தெரியும். பார்க்கக் கூடாது என்று சொன்னவளை ஏன் பார்க்கப் போனேன் என்று எனக்கு அப்போது தெளிவாகத் தெரியாது. குழந்தையைக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வீட்டுக்கு எதிரே ஒரு புங்கமரம். அதன் நிழலில் நின்றோம். குழந்தைக்கு ஒரு முறுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் அதைக் கடித்துக்கொண்டு, ரோட்டில் படுத்திருந்த எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். கொண்டை உச்சியில் இருந்தது. ஊரில் ஒரு நாளும் அவள் அப்படிப் போட்டுக்கொண்டதில்லை. ஒரு தலையணை உறையை உதறும்போது கீழே பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

எங்களுக்கு நடுவே ஒரு தெருவின் அகலம்தான் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. குனிந்து பக்கெட்டிலிருந்து ஒரு பெரிய போர்வையை எடுத்தாள், கொடியில் விரித்தாள். போர்வை அவளை மறைத்துவிட்டது. மாடியில் கைப்பிடிச் சுவர் கிடையாது, இரும்புக் கம்பிகள்தான். போர்வைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அங்கேயே நின்றன. மற்ற துணிகள் பக்கெட்டிலேயே கிடந்தன.

"அண்ணி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அல்லது குழந்தையிடம், "அதோ பாரு, அம்மா" என்று காட்டினால் போதும். அவள் படி இறங்கி ஓடி வந்திருப்பாள். அன்றே எங்களோடு பஸ் ஏறியிருப்பாள். குவைத்தும் போயிருக்க மாட்டாள். இது எனக்கு அந்த நிமிடத்திலேயே தெரிந்திருந்தது. நான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகம் மாடிப் பக்கம் திரும்பாதபடி பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அண்ணியின் சொல்லை மதித்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிப்பெல்லாம் இல்லை. அவள் வந்துவிட்டால் என் காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்க யாரும் இருக்க மாட்டார்கள்.

சரியாக இரண்டு மாதம் முடிந்து அண்ணி வந்தாள். குழந்தை என் பின்னால் ஒளிந்துகொண்டது. அண்ணி அவளை இழுக்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து, வாங்கி வந்த பொரியைப் பிரித்து எதிரில் வைத்துவிட்டு அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துக் குழந்தை மெல்லப் போய்ப் பொரியை எடுத்துக்கொண்டு, "நீ யாரு வூட்டுக்கு வந்துக்கீற?" என்று கேட்டது.

"உங்க வூட்டுக்குத்தான்" என்றாள் அண்ணி. சிரித்த முகமாகத்தான் சொன்னாள். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். தொட்டியிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீரை மொண்டு கீழே ஊற்றும் சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்றும் கழுவுவதற்கு இருக்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, போகிறேன் என்று சொன்னாள். அண்ணன் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னான். "இன்னா யோசிக்கறது? இருக்க முடியும்னு தெரிஞ்சிபோச்சி. முடியாதுன்னு தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

பதினான்கு வருடம் இருந்தாள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பெரிய பெட்டியோடு வருவாள். சோப்பும் செண்டும் போர்வைகளும் வரும். குழந்தைக்கென்று வாங்கிய கவுன்கள் எப்போதும் ஓர் அளவு சின்னதாக இருக்கும். போன தடவை பார்த்த உயரத்தையே அவள் மனதில் வைத்திருந்தாள். மண்சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது, மேலே தளம் வந்தது. எனக்குப் பலமனேரில் கல்யாணம் ஆனபோது அண்ணியால் வர முடியவில்லை. குழந்தை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து பலமனேருக்கு வந்தாள். அங்கேயே படித்தாள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட நான், காய்ச்சல் வந்தால் கண் விழிக்க நான். வெள்ளிக்கிழமை மத்தியானம் குவைத்திலிருந்து போன் வரும். முதலில் என்னிடம் பேசிவிட்டு, "அவகிட்ட குடும்மே" என்பாள் அண்ணி. குழந்தை போனை வாங்கி, "நல்லாகீறேன். துன்னுட்டேன். படிக்கறேன்" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுப்பாள். கொடுத்த பிறகும் அண்ணி கொஞ்ச நேரம் பேச மாட்டாள். வைத்துவிட்டாளோ என்று நினைப்பேன். வைத்திருக்க மாட்டாள். அந்தப் பக்கம் ஒரு வீட்டின் குளிர்சாதன இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணி திரும்பி வந்தபோது மகள் நர்சிங் சேர்ந்துவிட்டிருந்தாள். இருவருக்கும் சண்டை எதுவும் இருந்ததில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்திருக்கிறேன். விருந்தாளிகள் மாதிரி ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டார்கள். அண்ணன் தவறியபோதுகூடப் பெண் என் மடியில் விழுந்துதான் அழுதாள்.

போன வருடம் அவளுக்கு அயர்லாந்தில், டப்ளினில் வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டிருந்த பெங்களூரிலிருந்து வந்து எங்கள் இருவரையும் உட்கார வைத்து, போனில் அந்த ஊரைக் காட்டினாள். மழை பெய்துகொண்டே இருக்கும் தெருக்கள், இரண்டு அடுக்கு பஸ்கள், வாடகைக்கு விடுகிற சின்னச் சின்ன அறைகள். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று தாளில் எழுதி வைத்திருந்தாள். அண்ணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "வேணாம்னு தோணிச்சின்னா திரும்பி வரலாமா?"

"எப்ப வேணா வரலாம்மா."

"அப்ப போயி பாரு."

அவள் போன இரண்டாவது வாரம் நான் வடமாலபேட்டைக்கு அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, இருபத்து சொச்ச வருடம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு மாடி மேலருந்து எங்கள பாத்துட்டு ஏன் அண்ணி கூப்புடல?"

அவள் ஆச்சரியப்படவில்லை. "நானா கூப்ட்டா நான் தோத்தா மாதிரி. நாத்தனா கூப்ட்டா, வந்துட்டேன்னு சொல்லிக்கலாம். நீ ஒரு சத்தம் குடுப்பன்னு நின்னுக்கினு இருந்தேன்."

உடைத்த கடலைத் தோலை முறத்தில் போட்டேன். "நான் வேணும்னேதான் கூப்புடல. பாப்பா எங்கிட்டியே இருக்கட்டும்னு ஆச."

"தெரியும்" என்றாள். கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊருக்கு வந்த அன்னிக்கே தெரியும். அவ ஒன் பின்னால ஒளிஞ்சப்ப ஒன் கை தானா பின்னால போயி அவள மறைச்சிது. அத பாத்துட்டுதான் தைரியமா போனேன். கொயந்தைய ஆசப்பட்டு வெச்சிக்கறதுக்கு ஒருத்தி கீறான்னு."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா, இத்தனை வருடம் மனதில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம். முறத்தில் தோல் சேர்ந்துகொண்டே போனது.

அப்போது என் போன் அடித்தது. அங்கே விடிந்திருக்கும் நேரம். எழுந்ததும் என்னைக் கூப்பிடுவதுதான் பெண்ணின் வழக்கம். அம்மாவிடம் பேசினாயா என்று கேட்டால், பேசுகிறேன் அத்தை என்பாள். திரையில் அவள் முகம் தெரிந்தது. அண்ணியும் எட்டிப் பார்த்துவிட்டு, "எடும்மே, புள்ள கூப்புட்றா" என்றாள்.

நான் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது, அதையும் விட்டேன். பிறகு சமையலறை மேடையில் அண்ணியின் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அவசரமாக எழுந்து போனாள். "நான்தாம்மா. அத்த வூட்ல இல்லம்மா, வெளிய போயிருக்கா. நீ சொல்லு" என்பது காதில் விழுந்தது. அந்தப் பொய்யை மெய்யாக்க நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தேன்.