மேட்டூரிலிருந்து மைசூருக்கு, ஒரு பழைய லேத் வாங்க

வீட்டில் உட்கார்ந்து குட்டி நீராவி இன்ஜின் செய்கிற பைத்தியங்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவோம். அந்த மினி பஸ்ஸில் பாதிப் பேர் எனக்கு எழுதிக் கேட்பது ஒரே கேள்விதான்: பழைய லேத்தை எப்படிப் பார்த்து வாங்குவது? சென்ற பிப்ரவரியில் அதற்காகவே மேட்டூரிலிருந்து மைசூர் வரை போய் வந்தேன். போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: லேத் என்பது உலோகத் துண்டைச் சுழற்றி, அதன்மேல் வெட்டுக்கருவியை நகர்த்திக் கடைசல் செய்கிற இயந்திரம். நான் வங்கியில் வேலை பார்ப்பவள். வீட்டில் அரம், ரம்பம், ஒரு டிரில்லிங் மெஷின் இருக்கின்றன. சிலிண்டர், பிஸ்டன் மட்டும் பட்டறையில் கொடுத்துத்தான் கடைந்து வாங்க வேண்டும். அங்கே டிராக்டர் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் என் கட்டைவிரல் அளவு பிஸ்டனுக்கு முறை வரும். மூன்று வாரம் காத்திருந்து சலித்துப்போய், சொந்தமாக ஒரு மேசை லேத் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பொழுதுபோக்குக்காரர்களின் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது. மைசூர், நல்ல நிலை, விலை ஐம்பத்தைந்தாயிரம். விற்கும் காரணம் என்ற இடத்தில் "கை" என்று ஒரே சொல். அழைத்தேன். சம்பத் என்பவர் பேசினார். வயது அறுபத்தேழு, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"கை நடுங்குதும்மா. கடைசியா மூணு பிஸ்டன் போட்டேன், மூணும் கோணல். டாக்டரைக் கேட்டா ‘ஏனூ இல்ல, ஒண்ணுமில்ல, வயசு’ன்னு சொல்லிட்டாரு. டாக்டர் ஆறுதலுக்குச் சொல்வாரு, லேத் அப்படிச் சொல்லாதுல்ல" என்றார். பிறகு, "வண்டியோட உங்க வீட்டுக்காரர் வராரா?" என்று கேட்டார்.

"அவருக்கு லேத் எது, கிரைண்டர் எதுன்னு தெரியாது சார். நான்தான் வரேன்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். மூன்று பிஸ்டனும் கோணல் என்றால் அது கையாகவும் இருக்கலாம், லேத்தாகவும் இருக்கலாம். கை கெட்டிருந்தால் எனக்கு நல்ல லேத் கிடைக்கும். லேத் கெட்டிருந்தால் அவருக்குக் கை மிஞ்சும். இரண்டில் எதை நான் விரும்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வண்டி ஓட்டியவர் கோபிநத்தத்துக்காரர் மாதேஷ். குட்டியானை வண்டி, போக வர டீசலோடு ஏழாயிரம் ரூபாய். விடியற்காலை நாலரைக்குப் புறப்பட்டோம். கொளத்தூர் தாண்டிப் பாலாறு சோதனைச் சாவடி வரும்போது வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். மாதேஸ்வரன் மலையில் இட்லி. இருவருக்கும் நூற்றிருபது ரூபாய், சட்னி காரம் குறைவு. அதன்பின் வளைவுகள், ஹனூர், கொள்ளேகால். கொள்ளேகாலிலிருந்து மைசூர் சுமார் அறுபது கிலோமீட்டர், நல்ல சாலை. மொத்தம் நூற்றெண்பதுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

"ஏனுங்க அக்கா, அந்த மிசின் எத்தனை கிலோ இருக்கும்?" என்று வழியில் மாதேஷ் கேட்டார்.

"எண்பது கிலோ இருக்கும்."

"எண்பது கிலோவுக்கு இந்த வண்டிங்களா? மூட்டையாட்டம் கட்டி பஸ்ஸு மேல போட்டுட்டு வந்துருக்கலாமுங்க."

தயவு செய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். எண்பது கிலோவும் ஒரே பக்கம் கனக்கும். மலை வளைவில் ஒரு தடவை சாய்ந்தால் போதும், கைப்பிடிச் சக்கரங்கள் முறிந்துவிடும். பலகையில் போல்ட் போட்டு முடுக்கி, பலகையை வண்டியோடு கட்டித்தான் கொண்டுவர வேண்டும். அதற்கான பலகையும் கயிறும் பழைய டயர் துண்டுகளும் பின்னால் இருந்தன.

சரஸ்வதிபுரத்தில் வீடு. பன்னிரண்டு மணிக்குச் சேர்ந்தோம். சம்பத் சார் வாசலுக்கே வந்துவிட்டார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது, வணக்கம் சொல்லும்போதுகூட வெளியே வரவில்லை. அவர் மனைவி வசந்தா அம்மா எலுமிச்சை ஜூஸ் கொடுத்துவிட்டு, "நல்லா பாத்து வாங்குங்க. அது போனாத்தான் இவர் ராத்திரி தூங்குவார்" என்றார். சொன்ன விதத்தில் அது போகக் கூடாது என்றுதான் எனக்குக் கேட்டது.

முன்பு ஸ்கூட்டர் நிறுத்திய கொட்டகையில் லேத் இருந்தது. பழைய வேட்டி போட்டு மூடியிருந்தார். எடுத்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. துரு இல்லை. கருவி நகரும் தண்டவாளத்தில் விரல் நகத்துக்குத் தட்டும்படி ஒரு வடு இல்லை. கைப்பிடிகள் சத்தமில்லாமல் சுற்றின. ஒரு மனிதர் இருபது வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்த இயந்திரம் அது.

நான் எப்போதும் கொண்டுபோகும் பையில் இருப்பவை: இழைத்துத் தேய்த்த இருபது மில்லிமீட்டர் எஃகுக் கம்பி ஒரு சாண், காந்த நிலையோடு டயல் கேஜ், மைக்ரோமீட்டர், டார்ச், மண்ணெண்ணெய் பாட்டில், பருத்தித் துணி. டயல் கேஜ் என்பது நூலளவுக்கும் கீழான ஆட்டத்தை ஊசியால் காட்டும் கடிகாரம் மாதிரி ஒன்று. கம்பியை லேத்தின் சக்கில், அதாவது துண்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடியில் மாட்டி, கையால் மெதுவாகச் சுழற்றினேன். சக் பக்கத்தில் ஊசி 0.15 மில்லிமீட்டர் ஆடியது. நூறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தேன், 0.40. கம்பி தலையாட்டுகிறது. இந்த லேத்தில் துண்டைத் திருப்பி மாட்டி யார் கடைந்தாலும் பிஸ்டன் கோணலாகத்தான் வரும்.

"சார், இது உங்க கை இல்ல. லேத்து" என்றேன். மனசுக்குள் ஐம்பத்தைந்தாயிரத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டேன்.

"லேத்தா? நோடம்மா, இங்க பாரு, லேத் கெட்டிருக்காம்" என்று உள்ளே இருந்த மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். தன் சரக்கு பழுது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"நீங்க டயல் வெச்சுப் பாக்கலையா சார்? உங்ககிட்டயே இருக்கே."

வாசற்படியில் வந்து நின்ற வசந்தா அம்மாதான் பேசினார். "பாருங்கன்னு நானே சொன்னேன். பெட்டியைத் தொறக்கவே இல்ல."

"வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடுமே" என்றார் சம்பத் சார்.

எனக்கு இது நன்றாகப் புரிந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை ஒரு மாதம் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியவள் நான்.

அவருடைய சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை. "சக் மாட்டற தண்டு தானா வளையாதும்மா. நான்தான் எதையாவது கைதவறிப் போட்டு வளைச்சிருக்கேன். அப்பவும் கைதானே" என்றார். மறுபடி கை பாக்கெட்டுக்குள் போனது. நான் சும்மா விடைபெற்று வந்திருந்தால் அந்த மனிதர் அதையே நினைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார். காரணம் தெரியாமல் புறப்பட எனக்கு மனமில்லை.

சக் கழற்றிப் பார்த்துவிடலாம் என்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம். "ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில நானே கழட்டி, தொடைச்சு, எண்ணெய் போட்டேன். ஒரு தூசி இருக்காது" என்றார். இருக்கட்டும், பார்ப்போம் என்றேன். தண்டவாளத்தின் மேல் ஒரு பலகைத் துண்டை வைத்தோம். சக் கைநழுவி விழுந்தால் பலகை தாங்கும், இதை மறக்காதீர்கள். அவரே இரண்டு கையாலும் திருகிக் கழற்றினார்.

சக் உட்காரும் தண்டின் முகத்தில், விளிம்பை ஒட்டி, அப்பளம்போல் காய்ந்த ஒரு வட்டம். நடுவில் சிவப்பு. சந்தனமும் குங்குமமும். சக்கின் பின்பக்கத்திலும் அதே அச்சு பதிந்திருந்தது. மூவரும் குனிந்து பார்த்தோம்.

"அது நான் வெச்ச பொட்டுதான்" என்றார் வசந்தா அம்மா. "வருஷா வருஷம் இவர் லேத் மேல கைவைக்க விடமாட்டார். மோட்டாருக்கு மட்டும் வெச்சுட்டுப் போன்னுவார். அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுக் குளிக்கப் போனார். ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் எல்லாத்துக்கும் வெச்சேன், இதுக்கும் வெச்சேன். இருக்கறதுலயே இதுதான் பளபளன்னு இருந்தது. இதுக்கு வெக்காம வேற எதுக்கு வெப்பேன்?"

சம்பத் சார் குளித்துவிட்டு வந்து கண்ணாடி போடாமல் மாட்டியிருக்கிறார். தானே துடைத்த இடம்தானே என்று மறுபடி பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய லேத் புத்தகம் எதிலும் ஆயுத பூஜைப் பொட்டைப் பற்றி இருக்காது.

மூங்கில் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தோம். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் அந்த முகத்தில் வைக்காதீர்கள். திரும்ப மாட்டி டயல் வைத்தேன். பக்கத்தில் 0.04, தள்ளி 0.06. பழைய மூன்று தாடை சக்குக்கு அது அருமையான கணக்கு.

"ஒண்ணு கடைஞ்சு பாருங்க சார்" என்றேன்.

பித்தளைத் துண்டை மாட்டிக் கடைந்தார். கை நடுங்கத்தான் செய்தது. கைப்பிடியைப் பிடித்ததும் நடுக்கம் குறைந்தது, விட்டதும் திரும்ப வந்தது. பாதி கடைந்து, துண்டைத் திருப்பி மாட்டி, மறுபாதியைக் கடைந்தார். டயலை அவரே வைத்துப் பார்த்தார். இரு பாதிக்கும் வித்தியாசம் 0.02. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் ரொம்ப நேரம் உருட்டிப் பார்த்தார். வசந்தா அம்மா குழாயைத் திறந்து முகம் கழுவினார்.

எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதே சமயம் அந்த லேத் எனக்கு வேண்டும் என்ற ஆசையும் இரண்டு மடங்கானது. பழுதில்லை என்று இப்போது நிரூபணமாகிவிட்டது.

"வண்டியைப் பின்னால எடுக்கச் சொல்லுங்க, ஏத்திடலாம்" என்றார் சம்பத் சார். சொன்னாரே தவிர சக்கை முடுக்கும் சாவியைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"வேண்டாம் சார்."

"ஏன்? இப்ப சரியா இருக்கே."

"சரியா இருக்கறதாலதான் சொல்றேன்."

"நான் உங்களுக்கு வாக்குக் குடுத்தவன்."

"என்கிட்டதானே குடுத்தீங்க? திருப்பிக் குடுத்துட்டேன், வெச்சுக்கோங்க."

வண்டி வாடகையைத் தருகிறேன் என்று வற்புறுத்தினார், வாங்கவில்லை. பதிலுக்கு என் சிலிண்டர் பிஸ்டனைத் தானே கடைந்து அனுப்புவதாகச் சொன்னார், அதை வாங்கிக்கொண்டேன். மதியச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

திரும்பும்போது பாலாறு சாவடியில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த காவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பலகையும் கயிறும் டயரும் இருக்கிறது, சரக்கு எங்கே?

"மைசூர் வரைக்கும் போயி, அது அங்கயே நல்லாருக்கட்டும்னு உட்டுட்டு வந்துட்டமுங்க" என்றார் மாதேஷ். காவலர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இனி போகிறவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை போங்கள், விற்பவருக்கும் நேரம் இருக்கும். காட்டுச் சாலையைப் பகலிலேயே கடந்துவிடும்படி புறப்படுங்கள். வண்டிக்கு இரண்டு மாநிலத்திலும் ஓட அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள், புது பெயின்ட் அடித்த லேத் என்றால் எனக்குக் கூடுதல் சந்தேகம்தான் வரும். கம்பி ஆடினால் உடனே தண்டு வளைந்தது என்று முடிவு கட்டாமல், சக் கழற்றித் துடைத்து இன்னொரு தடவை அளந்து பாருங்கள். துடைத்தும் ஆடினால் அப்போது கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். தூக்கும்போது சுழலும் தண்டையோ நீளத் திருகுத் தண்டையோ பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் பிடிக்க வேண்டும். பூஜை போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு, மோட்டார் மூடியில் வையுங்கள்.

ஏழாயிரம் ரூபாய் செலவு செய்து வெறும் வண்டியோடு வந்ததற்கு வீட்டில் இன்னும் கேலி ஓயவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் என் சிலிண்டரும் பிஸ்டனும் கூரியரில் வந்தன. நன்றி சொல்ல அழைத்தேன். சம்பத் சார் பரபரப்பாக இருந்தார். பெங்களூரில் பெரிய லேத் ஒன்று விலைக்கு வருகிறதாம், நூற்றைம்பது கிலோ, கூட வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"இந்தச் சின்னது இனி எனக்குப் பத்தாதும்மா. அதை நீங்க எடுத்துக்கோங்க" என்றார்.

மாதேஷிடம் வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.