கரையில் நின்றவளின் முகம்

மஞ்சக்குப்பத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருந்த நடனசபாபதிக்குப் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடென்றால் பைத்தியம். லீவு கிடைத்தால் சிதம்பரத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து அக்கா மங்கலம் வாழ்க்கைப்பட்ட மீனவர் குப்பத்துக்குப் போய்விடுவார். அக்கா வீட்டுக்காரர் கண்ணாயிரத்தின் படகில் காட்டுக்குள் போய், தண்ணீரில் இறங்கி நிற்கும் வேர்களை வரைந்துவருவார். ஊர் திரும்பியதும் அவற்றை மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுப்பார். அழகான படங்கள்தான். ஆனால் யாரும் அவற்றின் முன் இரண்டு நிமிஷம் நின்றதில்லை.

1963 மழைக்காலத்தில் ஒரு நாள் கண்ணாயிரம் வெளியே போயிருந்தபோது, மங்கலம் மீன் அலசிக்கொண்டே பழைய விஷயம் ஒன்றைச் சொன்னாள். யுத்த காலத்தில், ஜப்பான்காரன் கப்பல் வருகிறது என்று புரளி கிளம்பிக் குப்பமே அந்தக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. கண்ணாயிரம் அப்போது நாகப்பட்டினத்தில் வேலையாக இருந்தார்.

"படகுல எடமில்லடா. மாமியா கரையில நின்னு கைய நீட்டுனாங்க. நான் புடிக்கல. அடுத்த நடைக்கு வாங்கன்னுட்டுப் படகத் தள்ளச் சொன்னேன். அடுத்த நடையே இல்ல. திரும்பி வந்தா காய்ச்சல்ல கெடக்குறாங்க. பொழைக்கல. அவுங்கதான் வரமாட்டேன்னு உக்காந்துட்டாங்கன்னு உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன். நீ யாருகிட்டயும் மூச்சு விடாத."

"சொல்லமாட்டேன்க்கா," என்றார் அவர்.

வாயால் சொல்லவில்லை, செதுக்கினார். இருண்ட காடு, ஆட்கள் நிறைந்த படகு, கரையில் கையை நீட்டியபடி ஒரு கிழவி. செதுக்கும்போதே இதுதான் தன் நல்ல படம் என்று தெரிந்துவிட்டது. இதைச் செதுக்கக் கூடாது என்றும் தெரிந்திருந்தது.

மறு வருஷம் சிதம்பரம் கீழ வீதியில், ஒரு சத்திரத்துக் கூடத்தில் கண்காட்சி வைத்தார். கூட்டமெல்லாம் அந்த ஒரு படத்தைத்தான் சுற்றி நின்றது. வக்கீல் ஒருவர், "இது நெசமா நடந்ததா சார்?" என்று கேட்டார்.

"நெசந்தான் சார். எங்க அக்கா மாமியார்தான் அந்தக் கெழவி. கைய நீட்டுறாங்க, அக்கா புடிக்கல," என்று ஆரம்பித்து, கூட்டம் அசையாமல் கேட்கவும் உற்சாகமாகி, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியவர், வாசலருகே நின்ற இருவரைப் பார்த்தார். சுவரொட்டியில் மச்சான் பெயரைக் கண்டு, கண்ணாயிரம் மங்கலத்தை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

கண்ணாயிரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மங்கலம் தம்பியிடம் வந்து, "மரத்த மட்டும் வரைஞ்சிருக்கலாமே," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் பின்னால் நடந்தாள். நடனசபாபதி அந்தப் படத்தைக் கழற்றினார். யாரோ பாராட்டிக் கையை நீட்டினார்கள், பிடிக்க முடியவில்லை.

அதன்பின் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். போய்ப் பார்க்க முகமில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் கண்ணாயிரமே மஞ்சக்குப்பம் வந்தார். "அந்தப் படம் இருக்கா மச்சான்?"

கிழிக்கத்தான் கேட்கிறார் என்று எண்ணி நடனசபாபதி எடுத்துக் கொடுத்தார். கண்ணாயிரம் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. இதுல இருப்பாங்கன்னு வந்தேன். இது அவுங்க மூஞ்சி இல்லயே?"

"இல்ல மாமா. எனக்கு அவுங்கள ஞாபகமில்ல. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுல கீரை விக்கிற ஒரு அம்மாவப் பாத்துப் போட்டேன்."

அக்காவைக் காட்டிக்கொடுத்தும், அந்தக் கிழவிக்கு அவளுடைய சொந்த முகத்தைக்கூட அவர் தரவில்லை.

"மூக்கு இப்படி இருக்காது," என்றார் கண்ணாயிரம். நடனசபாபதி வேறொரு தாளும் பென்சிலும் எடுத்து, அவர் சொல்லச் சொல்ல வரைந்தார். வரவில்லை. அழித்து அழித்துத் தாள் நைந்துபோனது.

"எனக்கே மறந்துபோச்சு மச்சான்," என்றார் கண்ணாயிரம், தரையைப் பார்த்தபடி. "கடைசியா பாத்தது உங்கக்காதான். அவளத்தான் கேக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மங்கலத்தோடு வந்தார். அவள் சுவரோரம் உட்கார்ந்து, புருஷன் பக்கம் திரும்பாமல், மாமியாரின் நெற்றியை, தொங்கிய காதை, அன்றைக்குக் கரையில் திறந்திருந்த வாயைச் சொன்னாள். நடுவில் குரல் உடைந்தபோது கண்ணாயிரம், "சொல்லு," என்றார்.

நடனசபாபதி தலை நிமிராமல் வரைந்தார். அக்கா முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.